அரசு அலுவலகத்தில் பாகுபாடு: புகாரைத் தள்ளிவிட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி?

"தங்கள் கோரிக்கை பரிசீலிக்க இயலாது என தெரிவிக்கப்படுகிறது." இந்த ஒரு வரிப் பதிலைப் பார்த்ததும் மதுரைப் பக்கம் அரசு வேலையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் பலர் மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதற்கு மேலே போக 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலேயே வழி இருக்கிறது. முதல் முறை போகிறவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளநிலை உதவியாளர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் அவருக்கு இருக்கை. கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்டார், நடக்கவில்லை. அப்புறம் "இவரால் ஓடியாடி வேலை பார்க்க முடியாது" என்று பதவி உயர்வுப் பட்டியலிலும் பெயரை விட்டுவிட்டார்கள்.

முதலில் பிரிவைப் பிடியுங்கள்

"எனக்கு அநியாயம் நடந்தது" என்று மட்டும் எழுதினால் மனு ஃபைலுக்குள் தூங்கிவிடும். எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிரிவு 20தான் இங்கே அடிப்படை. தகுந்த வசதியும் தடையற்ற சூழலும் தர வேண்டும் என்கிறது 20(2). மாற்றுத்திறனைக் காரணம் காட்டி மட்டும் பதவி உயர்வை மறுக்கக்கூடாது என்கிறது 20(3). பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டாலும் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்பது 20(4). நம் உதவியாளருக்கு முதல் இரண்டும் பொருந்தும்.

புகார் பதிவேட்டில் ஏறியதா?

பிரிவு 23-இன்படி ஒவ்வோர் அரசு அலுவலக அமைப்பிலும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகாரை அவர் பதிவேட்டில் ஏற்றி, பதிவு செய்ததிலிருந்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னது இதில் சேராது. இதுவரை எழுத்தில் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே கொடுங்கள். இரண்டு நகல் எடுத்துப்போய், தபால் பிரிவில் ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆவணம் திரட்டுதல்

மேல்முறையீடு நிற்பதும் விழுவதும் இங்கேதான். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), நியமன ஆணை, கொடுத்த மனுக்கள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். பதவி உயர்வு மறுக்கப்பட்ட குறிப்புக் கோப்பு கையில் இருக்காது. அதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படிக் கேளுங்கள்: "பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் சேர்க்கப்படாதது தொடர்பான அலுவலகக் குறிப்புகளின் நகல், என் புகார் பதிவேட்டில் ஏற்றப்பட்ட எண், தேதி, எடுத்த நடவடிக்கை." "ஏன்" என்று கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு

குறைதீர் அலுவலரின் நடவடிக்கையில் திருப்தி இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம் என்று அதே பிரிவு 23 சொல்கிறது. மதுரையில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, குழுவுக்கு முகவரியிட்டு மனுவைக் கொடுங்கள். இரண்டு பக்கம் போதும். முக்கியமான பத்தி இப்படி இருக்கட்டும்:

"நான் அளித்த புகாருக்கு இன்ன தேதியிட்ட கடிதத்தில், காரணம் எதுவும் கூறாமல் மறுப்புத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இது பிரிவு 20(2), 20(3) ஆகியவற்றுக்கு முரணானது. என்னைக் கீழ்த்தளத்தில் பணியமர்த்தவும், பதவி உயர்வுக்கு என் பெயரை மீண்டும் பரிசீலிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன்."

என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் தெளிவாகச் சொல்லுங்கள். யாரையும் திட்டாதீர்கள். அதிகாரியின் குணத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியும் உங்கள் வழக்கைப் பலவீனமாக்கும்.

மாநில ஆணையர்

அங்கேயும் தீரவில்லையா? சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவர்களுக்குச் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆணையர் பரிந்துரைத்தால் துறை மூன்று மாதத்துக்குள் செயல்பட வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணக் கடிதம் கோர்ட்டுக்குப் போகும்போது பெரிய ஆயுதம்.

நீதிமன்றம்

மாநில அரசு ஊழியர்கள் அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம். நமக்கு ஒத்தக்கடை பக்கம், மேலூர் ரோட்டில் 2004 முதல் இயங்கும் ஐகோர்ட் கிளை இருக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மத்திய அரசு ஊழியர்கள் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இறுதி ஆணை வந்ததிலிருந்து ஓராண்டுதான் அங்கே கெடு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உங்கள்மீது தண்டனை ஆணை ஏதும் வந்திருந்தால், அதற்கான துறை மேல்முறையீட்டுக் கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பாகுபாட்டுப் புகார் நிலுவையில் இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து பின்வாங்கவும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஃபைலோடு நேரில் போங்கள், அல்லது 15100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.