புடாபெஸ்ட் பத்தி பேசும்போதும் போகும்போதும் பண்ணக்கூடாத தப்புகள்

புடாபெஸ்ட்னு சொன்னதும் "ருமேனியாவா?"னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. அது புகாரெஸ்ட். காதுல ஒரே மாதிரி விழுந்தாலும் ரெண்டு ஊருக்கும் நடுவுல 600 கிலோமீட்டருக்கு மேல தூரம், டிக்கெட் போடுறப்போ ரெண்டு தடவை பாத்துக்கோங்க. புடாபெஸ்ட் ஹங்கேரியோட தலைநகரம். அந்த ஊர்க்காரங்க வாயில அது புடாபெஷ்ட், அவங்க எழுத்துல தனி எஸ் வந்தா ஷ்னு படிக்கணும். பக்கத்துல ஸ்லோவாக்கியா, செர்பியா எல்லாம் இருக்கறதால இவங்க பேசறதும் ஸ்லாவிக் மொழின்னு நிறைய பேர் எழுதறாங்க, அதுவும் தப்பு, ஹங்கேரியன் மொழிக்கு சொந்தம் ஃபின்னிஷும் எஸ்டோனியனும்தான்.

பெரிய தப்பு மேப்ப பாக்காம போறது. டான்யூப் ஆறு வடக்கேருந்து தெற்கா ஊரை ரெண்டா பிரிச்சு ஓடுது, மேற்குப் பக்கம் புடா, முழுக்க மலையும் மேடும், கிழக்குப் பக்கம் பெஸ்ட், தட்டையான சமவெளி, கடைத்தெரு, பாராளுமன்றம், பெரிய ரோடெல்லாம் அங்கதான். புடா மேட்டுல ரூம் போட்டுட்டு பாக்க வேண்டிய இடம் எல்லாத்தையும் பெஸ்ட்ல வச்சுக்கிட்டா பாதி நேரம் ஏறி இறங்குறதுலயே போயிடும். இது ஆதிலருந்தே ஒரே ஊர்னு நினைக்கறதும் சரியில்ல. புடா, பெஸ்ட், ஓபுடான்னு மூணு ஊர் 1873ல ஒண்ணா சேர்ந்துதான் புடாபெஸ்ட் ஆச்சு. ஓபுடான்னா பழைய புடா, அங்கதான் ரோமானியர்கள் காலத்து அக்வின்கம் நகரத்தோட இடிபாடு கிடக்கு, ஆனா டூர் வர்றவங்க பெரும்பாலும் அந்தப் பக்கமே போறதில்ல, எனக்கு இது ரொம்ப வருத்தம்.

ரெண்டு கரையையும் முதல்முதலா நிரந்தரமா இணைச்சது 1849ல திறந்த சங்கிலிப் பாலம். அதுக்கு முன்னாடி படகுகளை வரிசையா கட்டி மேல பலகை போட்ட மிதவைப் பாலம்தான், குளிர்காலத்துல ஆத்துல பனிக்கட்டி வந்தா அதையும் கழட்டிடுவாங்க. 1820 கடைசில அப்பா இறந்த சேதி கேட்டு கிளம்பின இஸ்த்வான் சேச்செனிங்கற பிரபு ஆத்தை தாண்ட முடியாம ஒரு வாரம் கரையிலயே காத்துக்கிடந்தார்னும், பாலம் கட்டியே தீரணும்ங்கற எண்ணம் அங்கதான் வந்துச்சுன்னும் சொல்வாங்க. பாலத்தை டிசைன் பண்ணது வில்லியம் டியர்னி கிளார்க்ங்கற இங்கிலாந்துக்காரர், கூடவே நின்னு கட்டினது ஆடம் கிளார்க்ங்கற ஸ்காட்லாந்துக்காரர். பேரை வச்சு அண்ணன் தம்பின்னு எழுதிடாதீங்க, ரெண்டு பேருக்கும் உறவே கிடையாது.

அடுத்தது, கோட்டை மாதிரி தெரியறதெல்லாம் இடைக்காலத்துதுன்னு நம்பிடறது. புடா மேட்டுல வெள்ளையா ஏழு கோபுரத்தோட நிக்கிற மீனவர் கொத்தளத்தை போட்டோ எடுத்து "ஆயிரம் வருஷப் பழசு"ன்னு போடறாங்க. அது 1895லருந்து 1902க்குள்ள கட்டினது, ஏழு கோபுரமும் 896 வாக்கில வந்து குடியேறின ஏழு மகியார் (ஹங்கேரியர்களோட முன்னோர்) குலத் தலைவர்களை நினைச்சு வச்சது. அந்த 896தான் பாராளுமன்ற கட்டடத்துலயும் ஒளிஞ்சிருக்கு, உயரம் 96 மீட்டர், ஸ்டீஃபன் பசிலிக்காங்கற சர்ச்சும் அதே 96. புடா மேட்டு அரண்மனையும் அப்படியே தப்பிச்சு வந்த பழசு இல்ல, ரெண்டாம் உலகப்போர்ல 1944 கடைசிலருந்து 1945 பிப்ரவரி வரைக்கும் சோவியத் படை ஊரை வளைச்சு நடத்தின முற்றுகைல நாசமாகி, போருக்கு அப்புறம் திரும்ப கட்டினது, பின்வாங்கின ஜெர்மன் படை ஆத்துப் பாலம் அத்தனையையும் வெடி வச்சு தகர்த்துட்டு போச்சு, சங்கிலிப் பாலத்தை 1949லதான் மறுபடி திறந்தாங்க.

நிஜமாவே பழசா ஒண்ணு வேணும்னா ருடாஸ் குளியல் கூடத்துக்கு போங்க. 1541லருந்து 1686 வரைக்கும் புடா ஓட்டோமான் துருக்கியர் கையில இருந்துச்சு, இது அவங்க 16ஆம் நூற்றாண்டுல கட்டினது. எட்டு தூண், மேல குவிமாடம், நடுவுல எட்டு பக்கக் குளம், குவிமாடத்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு கலர் கண்ணாடி பதிச்சிருக்காங்க, வெளிச்சம் கோடு கோடா ஆவிக்குள்ள இறங்கும். தண்ணி பூமிலருந்து வர்ற வெந்நீர் ஊத்து. எல்லாரும் 1913ல திறந்த மஞ்சள் கட்டடம் சேச்செனி குளியலுக்கு மட்டும் போயிட்டு வந்துடறாங்க, அதுவும் அருமைதான், ஆனா ருடாஸை விட்றாதீங்க.

காசு விஷயம், அங்க யூரோ கிடையாது, ஃபோரின்ட். சில கடைல யூரோ வாங்கிப்பாங்க, ஆனா ரேட் மோசமா இருக்கும்.

மெட்ரோ ஒண்ணாம் லைன் 1896ல வந்தது, லண்டனை விட்டா ஐரோப்பாக் கண்டத்து நிலப்பரப்புல முதல் சுரங்க ரயில் இதுதான். ரோட்டுக்கு கீழ ரொம்ப ஆழம் இல்ல, சின்ன மஞ்சள் பெட்டி. முக்கால்வாசி ஸ்டேஷன்ல ஒவ்வொரு திசைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி படிக்கட்டு, உள்ள போயிட்டு அந்தப் பக்கம் தாண்ட வழியில்ல, அதனால இறங்கறதுக்கு முன்னாடியே போர்டுல எந்தத் திசைன்னு படிங்க. பேப்பர் டிக்கெட்னா மெஷின்ல முத்திரை போட்டுட்டுதான் ஏறணும், மறந்தா ஃபைன்.

கடைசியா ஒண்ணு, இதை கெஞ்சியே கேக்கறேன். பாராளுமன்றத்துலருந்து ஆத்தோரமா தெக்கே கொஞ்சம் நடந்தா கரை விளிம்புல இரும்புல செஞ்ச அறுபது ஜோடி செருப்பு, ஷூ வரிசையா இருக்கும். 1944 - 45 குளிர்ல அம்புச் சிலுவைங்கற ஹங்கேரிய நாஜிக் கட்சி ஆளுங்க யூதர்களை ஆத்தங்கரைக்கு இழுத்துட்டு வந்து, செருப்பை கழட்டச் சொல்லி சுட்டு ஆத்துல தள்ளினாங்க, செருப்புக்கு அன்னிக்கு அவ்வளவு விலை. அதோட நினைவா 2005ல வச்சது. அதுல காலை விட்டு போட்டோ எடுக்காதீங்க. ட்ராம்ல போறப்போ ஜன்னல் வழியா பாத்துட்டு முடிச்சுடவும் வேணாம், இறங்கி நடந்து போங்க. குதிகால் தேஞ்ச ஷூ, வார் தளர்ந்து சாஞ்ச லேடீஸ் ஷூ, நடுவுல குழந்தைங்களோட குட்டி ஷூ, யாரோ வச்ச பூவும் அணைஞ்ச மெழுகுவத்தியும் உள்ள இருக்கும்.