டிடபிள்யூடிஎம் லிங்க்கில் கை வைப்பதற்கு முன்

டிடபிள்யூடிஎம் என்றால் ஒரே ஃபைபரில் (கண்ணாடி இழையில்) பல அலைநீளங்களில் தனித்தனி சேனல்களை அனுப்புவது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் பவர் மீட்டரை வைத்துவிட்டு, "சார், 17 வருது, எல்லா சேனலும் ஓகே" என்றான். பல வருடங்களுக்கு முன் நானும் இதையே சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன். கனெக்டரைத் துடை, ஃபைபரை ஒடிய வளைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். மற்ற நான்கு தவறுகள் கீழே.

மொத்த பவரைப் பார்த்து நிம்மதியாவது

ஒரே ஃபைபருக்குள் ஒவ்வொரு லேசருக்கும் ஓர் அலைநீளம். இதற்குப் பயன்படும் சி-பேண்ட் என்ற அலைநீளப் பட்டை 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை. 100 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் சேனலுக்குச் சேனல் சுமார் 0.8 நானோமீட்டர்தான். மக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும், வழியில் எர்பியம் ஆம்ப்ளிஃபையர் மொத்தமாகத் தூக்கிவிடும், டிமக்ஸ் பிரித்துக் கொடுக்கும். சாதாரண பவர் மீட்டருக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. வருகிற வெளிச்சத்தை எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும்.

நான் மாட்டிக்கொண்ட அன்று 8 சேனல் ஓடிக்கொண்டிருந்தது, வெளியீடு 17 டிபிஎம் (பவரின் அளவு, மடக்கைக் கணக்கு; 3 டிபி குறைந்தால் பவர் பாதி). இரவு ஒரு மணிக்கு இன்னும் 8 சேனல் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் பழைய சேனல்களில் இரண்டு எரர் கொட்ட ஆரம்பித்தன. மீட்டரில் அதே 17. பவர் குறையவில்லையே என்று விடியும்வரை பேட்ச் கார்டுகளை மாற்றினேன். நன்றாக ஓடிய ஒரு டிரான்ஸ்பாண்டரையும் (ஒரு சேனலின் ஒளியை அனுப்பி வாங்கும் கருவி) கழற்றி, மூன்றாவது வாடிக்கையாளரையும் எழுப்பிவிட்டேன்.

ஆம்ப்ளிஃபையர், மொத்த வெளியீட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் 'மாறாத பவர்' முறையில் இருந்திருக்கிறது. 17 டிபிஎம்மை எட்டுப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 8. பதினாறு பேர் வந்தால் 5. அதே பானைச் சோறு, இரண்டு மடங்கு பந்தி. சேனலுக்கு 3 டிபி குறைந்ததும் இரைச்சலோடு இருந்த இடைவெளி சுருங்கியது, ஏற்கெனவே விளிம்பில் நின்றவை முதலில் விழுந்தன. தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். 15 சேனல் ஒரேயடியாகப் போனால் மிஞ்சிய ஒன்றின் தலையில் முழு 17-ம் இறங்கும்.

சேனல் சேர்ப்பதாக இருந்தால், எத்தனை சேனல் வந்தாலும் ஒரே மடங்கு பெருக்கும் 'மாறாத கெய்ன்' முறையில் வையுங்கள். உச்ச வெளியீடு தாங்குமா என்று முதலிலேயே பாருங்கள். சேனல் இரட்டித்தால் மீட்டர் 3 டிபி ஏறியே ஆக வேண்டும். அசையாத எண்தான் அபாய மணி. அப்புறம், ஒவ்வொரு சேனலின் பவரையும் தனித்தனியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் அலமாரியில் தூங்குவதற்காக வாங்கியது இல்லை.

பச்சை முனையை நீல முனையோடு இணைப்பது

கனெக்டர் முனையில் பச்சை 8 டிகிரி சாய்வு. நீலம் நேர். சேராது.

80 கிலோமீட்டர் எஸ்எஃப்பியை மேசையில் லூப் போடுவது

எஸ்எஃப்பி என்பது ஒளியை அனுப்பி வாங்கும் சிறு மாட்யூல்; லூப் என்றால் அதன் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகுவது. நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போடுங்கள். ரிசீவர் போனால் போனதுதான்.

மக்ஸ் வழியாக ஓடிடிஆர் அடிப்பது

ஓடிடிஆர் என்பது ஒளித் துடிப்பை அனுப்பி ஃபைபர் எங்கே அறுந்தது என்று காட்டும் கருவி. மக்ஸ் போர்ட் தன் அலைநீளத்தைத் தவிர மற்றதை அடைத்துவிடும். ஓடிடிஆரில் அந்த இடத்திலேயே ஃபைபர் அறுந்ததுபோல் தெரியும். அதை நம்பி நடுராத்திரியில் ஸ்ப்ளைசிங் (அறுந்த ஃபைபரை ஒட்டும்) ஆட்களை ஸ்டேஷனுக்கு வரவழைத்தேன். அவர்களில் ஒருவர் இன்னும் என் போனை எடுப்பதில்லை.