கட்டின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்: சொந்தக் குளம் வைத்திருப்பவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில், பன்குளம் பக்கம் எங்கள் காணிக்குள் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அப்பா மண்கட்டுப் போட்டு மறித்தது. கட்டு 12 அடி உயரம், மேலே ஒரு டிரக்டர் போகும் அகலம். ஆகஸ்ட் விடுமுறைக்கு மருமக்கள் வந்தால், பையை இறக்கி வைக்குமுன்னமே "மாமா, இண்டைக்கே குளிக்கலாமோ?" என்று நிற்பார்கள். குளிக்கலாம். அதற்கு முன் நான் கட்டின் பின்பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வருவேன்.

குளத்துக்குப் போகிறவர்கள் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். கட்டில் ஏதும் பிழை என்றால் அது முதலில் தெரிவது தண்ணீர் இல்லாத பக்கத்தில், சரிவின் அடியில்தான். இதே மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20, அதிகாலை 3 மணியளவில். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாரி முடிந்து சித்திரை பிறந்த பிறகு நடந்தது அது, மழைக்காலத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நம்முடையது சின்னக் குளம், சரி. ஆனால் கட்டுக்குக் கீழே யாராவது ஒருவர் வாடி போட்டுப் படுத்திருந்தால் அந்த ஒருவருக்கும் சேர்த்துத்தான் நாம் பொறுப்பு.

எந்த மண்கட்டும் கொஞ்சம் கசியும். கசிவைக் கண்டவுடன் பயப்பட வேண்டாம், அதன் நிறத்தைப் பாருங்கள். அப்பா ஒரு கண்ணாடிக் கிளாசில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து, கட்டின் மேல் ஒரு கல்லில் வைத்துவிட்டு மாடுகளைப் பார்க்கப் போவார். திரும்பி வந்து கிளாசைத் தூக்கி வெயிலுக்குப் பிடிப்பார். அடியில் மண் படிந்திருக்கிறதா என்பதுதான் பார்வை. படியாவிட்டால் வெறும் கசிவு. படிந்தால் தண்ணீர் கட்டுக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நானும் அதைத்தான் செய்கிறேன். கூடவே ஒரு லீற்றர் போத்தல் நிரம்ப எத்தனை செக்கன் என்று கொப்பியில் எழுதி, பக்கத்தில் குளத்தின் நீர்மட்டத்தையும் குறிப்பேன். நீர்மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் அன்றைக்கு வேறு வேலை இல்லை.

ஒரு மாரியில் துருசுக் (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு) குழாய்க்குப் பக்கத்தில் ஊற்று பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. குழாயும் மண்ணும் சேருகிற இடம் எப்போதும் பலவீனம். வந்தவர்கள் களிமண்ணால் அடைக்கச் சொன்னார்கள். அடைக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே முட்டி வேறு இடத்தால் கிளம்பும். முதலில் பரும்படி மணல், அதன் மேல் சின்னச் சல்லி, அதற்கு மேல் கல் என்று பாரம் ஏற்றினோம். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வராமல் நிற்க வேண்டும். துருசைத் திறந்து நீர்மட்டத்தை மெல்ல மெல்ல இறக்கினோம். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் ஊறிப்போன உட்சரிவு சரிந்து விழும். கீழே இருந்த இரண்டு குடும்பங்களை அன்றிரவே மேட்டுக்கு அனுப்பினோம். கோடையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து அந்த இடத்தை வெட்டித் திருத்தினோம். இது நீங்களே மண்வெட்டியோடு இறங்கிச் செய்கிற வேலை இல்லை.

அடுத்தது வான், குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வழி. மீன் ஓடிவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் வான் வாயில் வலை கட்டினார். சருகும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் வந்து அடைத்து, விடிவதற்குள் தண்ணீர் ஒரு முழம் ஏறிவிட்டது. மண்கட்டின் மேலால் தண்ணீர் வழிந்தால் கட்டு நிற்காது. அதனால் ஐப்பசி பிறக்குமுன் வானைச் செருக்கித் துப்புரவாக்கி விடுவேன். வலையை அன்றைக்கே அறுத்தாயிற்று.

கட்டில் புல் மட்டும் இருக்கட்டும். மரக்கன்று கண்டால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரம் என்றால் தெரிந்தவரிடம் கேட்டு விசாரிக்காமல் தறிக்க வேண்டாம். வேர் உக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி. பெருச்சாளி வளை, உடும்புப் பொந்து, கறையான் புற்று, மாடு இறங்கிய தடம் எல்லாம் கண்ணில் பட வேண்டும் என்றால் புல்லைக் கட்டையாக வெட்டி வைக்க வேண்டும். மழைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் ஏற்ற விடாதீர்கள்.

இனிக் குளிப்பு. எங்கள் வீட்டில் கட்டுப் பக்கம் யாரும் இறங்குவதில்லை. அங்கேதான் ஆழம், துருசும் அங்கேதான். துருசு திறந்திருந்தால் குளிப்பே இல்லை, நீந்தத் தெரிந்தவனையும் அது இழுத்து வாயில் ஒட்டிவிடும். எதிர்க்கரையில் சரிவு மெதுவாக இறங்கும் இடத்தில், பிள்ளைகளின் நெஞ்சளவில் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். தடி தாண்டக் கூடாது. தலைகீழாகப் பாயக் கூடாது. அப்பா தறித்த பாலை மரத்து அடிக்கட்டைகள் இன்னும் அடியில் இருக்கின்றன. தாமரைக் கொடி பக்கம் போகக் கூடாது, காலில் சுற்றும். தோணியில் ஏறுகிறவர் உயிர்காப்பு அங்கி போட்டே ஆக வேண்டும், எனக்கும் அதே சட்டம்தான்.

கோடையில் மற்றக் குளங்கள் வற்ற முதலை தரையால் நடந்து வரும். அதனால் காலையில் கரைச் சேற்றில் வால் இழுத்த தடம் உண்டா என்று பார்ப்பேன். இருந்தால் அன்று குளிப்பு இல்லை. இல்லாவிட்டாலும் பொழுது சாயுமுன் எல்லோரும் கரையேற வேண்டும். காலில் புண் உள்ளவர் இறங்க வேண்டாம், வயல் பக்கத்துத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்றும்.

கரையில் உள்ள மருதமரத்தில் ஒரு கயிறு, நுனியில் மூடி இறுக்கிய 5 லீற்றர் வெறுங்கான் கட்டித் தொங்குகிறது. யாராவது தத்தளித்தால் அதை எறிந்து இழுக்க வேண்டும். நீந்தத் தெரியாமல் பின்னால் பாய்ந்தால் இரண்டு பேரைத் தேட வேண்டி வரும். பக்கத்துப் பலகையில் 1990 அம்புலன்சுக்கு, 117 அனர்த்த முகாமைத்துவத்துக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழ் வீட்டுக்காரர்களின் நம்பர்களும் அதிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த வீட்டு நம்பர்களுக்கு ஒருமுறை அழைத்து வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.