தொங்கும் கார் ரூஃப் லைனிங்கை மாற்றுவது எப்படி? வேலூர் வெயிலுக்குத் தாங்கும் பசை, ஃபோம், துணி

ரூஃப் துணி பொம்மிக்கொண்டு கண்ணாடியை மறைக்க ஆரம்பித்தால் முதலில் நாலு குண்டூசி குத்திப் பார்ப்போம். அதுவும் நிற்கவில்லை என்றால் துணிக்குப் பின்னால் கொஞ்சம் பசை விட்டு அழுத்துவோம். இரண்டுமே ஒரு கத்திரி வெயிலைத் தாண்டாது.

காரணம் எளிது. லைனிங் மூன்று அடுக்கு: கண்ணுக்குத் தெரியும் துணி, அதன் முதுகில் சுமார் 3 மி.மீ. ஃபோம், அதற்கு மேலே அச்சில் வார்த்த போர்டு. கெட்டுப்போவது துணி அல்ல, நடுவில் இருக்கும் ஃபோம். சூடும் ஈரமும் பட்டுப் பட்டு அது உளுத்து, தொட்டால் மாவாக உதிரும். அதன் மேல் எந்தப் பசை போட்டாலும் அது மாவைத்தான் பிடிக்கும், போர்டைப் பிடிக்காது.

அதனால் சீட் கவர் கடையில் முதலில் துணி ஆல்பத்தைப் புரட்ட வேண்டாம். பசை, ஃபோம், துணி என்ற வரிசையில் முடிவெடுங்கள். கண்ணில் படாத பொருளுக்குத்தான் காசு போக வேண்டும்.

தொடங்கும் முன்

கதவோரத் தூண்களின் பிளாஸ்டிக் மூடியில் ஏர்பேக் அல்லது எஸ்.ஆர்.எஸ். என்ற குறி இருந்தால், கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் (மோதலில் ஜன்னல் ஓரம் திரைபோல் விரியும் காற்றுப்பை) இருக்கக்கூடும். அந்த வண்டியை நீங்களே பிரிக்க வேண்டாம். இல்லாத வண்டிக்கு மட்டுமே கீழே உள்ளது பொருந்தும்.

1. அளவு

டேப்பை நேர்கோட்டில் பிடிக்காமல் போர்டின் வளைவு, பள்ளம் எல்லாவற்றிலும் படிய வைத்து அளங்கள். நான்கு பக்கமும் 10 செ.மீ. கூட்டுங்கள். துணியும் ரெக்சினும் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும். சிறிய ஹேட்ச்பேக் காருக்கு 2 மீட்டர் போதும். வேனுக்கு அளந்துதான் சொல்ல முடியும். அகலம் போதாமல் நடுவில் ஒட்டுப் போட நேர்ந்தால், அந்தத் தையல் டோம் லைட் (கூரை விளக்கு) வழியாகப் போகும்படி திட்டமிடுங்கள்.

2. பசை

வேலை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மே மாத மதியத்தில் வெயிலில் நிற்கும் வண்டியின் கூரைத் தகடு 70 டிகிரி வரை போகும். மர வேலைக்கான வெள்ளைப் பசை இதற்குச் சரிவராது. செருப்பு வேலையில் சொல்யூஷன் என்று சொல்லும் ரப்பர் பசை வகைதான் வேண்டும். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற செயற்கை ரப்பர் பசைகள் சுலபமாகக் கிடைக்கும். எந்த பிராண்டானாலும் டின்னில் வெப்பம் தாங்கும் அளவைப் படியுங்கள். 80 டிகிரியாவது இருக்கட்டும். எழுதவே இல்லை என்றால் வாங்காதீர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் சில்லறையாக ஊற்றித் தரும் சொல்யூஷன் ஷூ அடிப்பாகத்துக்கு அருமையானது, ஆனால் லேபிள் இல்லாத பாட்டிலை நம்பிக் கூரையில் ஏற்ற முடியாது.

சிறிய காருக்கு ஒரு லிட்டர், வேனுக்கு இரண்டு லிட்டர் வாங்குங்கள்.

3. ஃபோம்

துணியோடு சேர்த்தே 3 மி.மீ. ஃபோம் ஒட்டி வரும் ரூஃப் லைனிங் துணி கிடைக்கும். புதியவர்கள் அதையே வாங்குங்கள். ஃபோமைத் தனியாக வாங்கி ஒட்டினால் பசை இரண்டு முறை. மெல்லிய ஃபோமில் பசை ஊறித் துணியின் முகத்தில் கறையாகத் தெரியும்.

தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே சூடு தடுக்க வைக்கும் ஷீட் வேறு சமாசாரம். அங்கே தண்ணீர் குடிக்காத ஃபோம் வேண்டும். கடையில் ஒரு துண்டு வாங்கித் தண்ணீரில் அழுத்திப் பிழியுங்கள். ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சினால் விட்டுவிடுங்கள்; ஐப்பசி மழையில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டைத் துருவாக்கும். உறிஞ்சாமல் மிதந்தால் எடுத்துக்கொள்ளலாம். 6 மி.மீ. நைட்ரைல் ரப்பர் அல்லது பாலிஎத்திலீன் ஷீட் போதும். அதிக தடிமன் போட்டால் போர்டின் கிளிப் மாட்டாது.

வெள்ளி பூசிய ஷீட் என்றால், பளபளப்பான பக்கத்துக்கு எதிரே கொஞ்சம் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். தகட்டோடு ஒட்டிவிட்ட வெள்ளி வெறும் அலங்காரம். தார் கலந்த ஷீட்டை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். சூட்டில் இளகி நாறும். தெர்மோகோலும் கூடாது, ரப்பர் பசை பட்ட இடமெல்லாம் கரைந்து ஓட்டையாகிவிடும்.

4. மேல் துணி

தோலுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு தோலே போடலாமே என்று பலருக்கும் தோன்றும். கூரைக்கு வேண்டாம். எடை அதிகம், சூட்டில் சுருங்கும், ஒரு ஆட்டுத்தோல் நாலைந்து சதுர அடிதான் வரும் என்பதால் ஒட்டுகள் பல. ஆசைக்குக் கதவின் கைப்பிடிப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

ரெக்சின் துடைக்கச் சுலபம். ஆனால் கனமானது, ஆழமான வளைவில் மடிப்பு விழும். மட்டமான ரெக்சினில் இன்னொரு தொல்லை உண்டு: சூட்டில் ஆவியாகும் எண்ணெய் முன் கண்ணாடியில் மங்கலாகப் படியும். இதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். உள்ளங்கை அளவு சாம்பிளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, ஒரு பகல் முழுக்க வெயிலில் வையுங்கள். மாலையில் பாட்டிலின் உட்புறத்தை விரலால் தேயுங்கள். பிசுக்கு இழுத்தால் அந்த ரெக்சின் வேண்டாம்.

பின்னல் துணியே முதல் தேர்வாக இருக்கட்டும். அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்ப வர வேண்டும். நெய்த துணி நீளாது, பள்ளத்தில் படியாது. பருத்தியும் சணலும் ஈரம் பிடிக்கும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். வண்டியின் உட்புறப் பொருட்கள் தீப்பிடிப்பது பற்றி ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அதன்படி உள்ள சரக்கா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், திறந்த வெளியில் தண்ணீர் வாளிக்கு மேலே ஒரு சிறு துண்டை இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். சடசடவென்று ஏறி எரிந்து சொட்டினால் அது கூரைக்கு ஆகாது.

5. போர்டைச் சுத்தம் செய்தல்

பேட்டரியைக் கழற்றிவிட்டு சன்வைசர், டோம் லைட், கைப்பிடிகளைக் கழற்றுங்கள். போர்டை மடக்காமல் பின் கதவு வழியாக எடுங்கள். ஒருமுறை மடங்கினால் அந்தக் கோடு கடைசிவரை தெரியும். துணியை உரித்து, மீதி ஃபோமை நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் போர்டின் மேல்தோலைப் பெயர்த்துவிடும். தூசி நிறைய வரும், மாஸ்க் அவசியம். தகட்டில் துரு தெரிந்தால் தேய்த்து பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகே ஷீட் ஒட்டுங்கள்.

6. ஒட்டுதல்

நிழலில், காற்றோட்டத்தில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கோடையில் விடியற்காலை நல்லது. வெயிலில் பூசினால் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே அடைபட்ட கரைப்பான் பிறகு கொப்புளமாக எழும்பும். மழை நாளில் வேறு பிரச்சினை: காற்றின் ஈரம் படிந்து பசை வெளுக்கும், பிடிப்பு போய்விடும். அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

துணியைப் போர்டில் விரித்து, பாதியை மடித்து வையுங்கள். போர்டிலும் ஃபோமிலும் மெல்லிசாகப் பூசி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். விரலின் புறத்தால் தொட்டால் ஒட்டக் கூடாது. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு போங்கள். பள்ளம் வரும் இடத்தில் துணியை இறுக இழுத்துப் பாலம் போட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. முதலில் பிரிவதும் அந்த இடம்தான். பள்ளத்தின் அடிவரை துணியைத் தள்ளிப் படியவைத்து, அப்புறம் மேலே ஏறுங்கள். அடுத்த பாதியும் இப்படியே. ஓரத்தில் 3 செ.மீ. பின்னால் மடித்து ஒட்டுங்கள்.

விளக்கு, கைப்பிடி ஓட்டைகளை அன்றே வெட்டாதீர்கள். 24 மணி நேரம் கழித்து பெருக்கல் குறி மாதிரி கீறி, நுனிகளைப் பின்னால் மடியுங்கள். வட்டமாக வெட்டி எடுத்தால் ஓரம் தெரியும், மூடி மறைக்காது. போர்டை மாட்டியபின் இரண்டு மூன்று நாள் நிழலில் நிறுத்தி, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள், வாசனை போகட்டும்.