இட்லிப்பூ ஏன் மஞ்சளாகிறது? மண்ணைப் பார்க்காமல் செடி வாங்குவோர் செய்யும் தவறுகள்

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிமெண்ட் நடைபாதையை ஒட்டி ஒரு வரிசை இட்லிப்பூச் செடிகள். தளிர் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பக்கத்து வீட்டு அக்கா பாவப்பட்டு யூரியா போட்டார். மஞ்சள் போகவில்லை.

யூரியா தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). அது குறைந்தால் முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் வெளுக்கும். தளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாகவே நின்றால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் காரம் ஏறிய மண்ணில் அது கரையாது, வேருக்குக் கிடைக்காது. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்போ அதற்கு நேரெதிர்.

'சிங்கப்பூர் மண் அமில மண்' என்று கேட்டதை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. புக்கித் தீமா பக்கத்துச் செம்மண்ணுக்கு அது சரி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அடியில் இருப்பது பல நேரம் கட்டுமான இடிபாடு கலந்த நிரப்பு மண். ஈஸ்ட் கோஸ்ட் போலக் கடலைத் தூர்த்த இடங்களில் மணலோடு சிப்பித் துண்டும் கிடக்கலாம். இரண்டுமே காரப் பக்கம் சாயும்.

அடுத்தது, ஊர்க் காணொளிகள். களர் நிலத்துக்கு (சோடியம் மிகுந்த கார நிலம்) ஜிப்சம் போடச் சொல்வது தமிழ்நாட்டில் நல்ல யோசனை. இங்குள்ள செம்மண்ணின் சிக்கல் வேறு: பிஎச் அளவு (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேரைச் சுடும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கட்டுண்டு போகும். அங்கே அளவாகச் சுண்ணாம்பு போடலாம். அதையே நடைபாதை ஓரச் செடிக்குப் போட்டால் கதை முடிந்தது. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான், காரத்தை ஏற்றும்.

பிஎச் 7 என்றால் நடுநிலை. 6-க்கும் 5-க்கும் வித்தியாசம் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள், அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. அதனால் ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். வினிகர் ஊற்றினால் தாக்கம் சீக்கிரம் போய்விடும், வேர்தான் நோகும். கந்தகத் தூளை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும். காரம் ஏற்றப் போடும் முட்டை ஓடு அதைவிடச் சோம்பேறி. காப்பித் தூளை அமிலம் என்று குவிக்கிறார்கள். வடிகட்டிய சக்கையில் புளிப்பு பெரிதாக மிஞ்சுவதில்லை.

நீல ஹைட்ராஞ்சியாவைப் பார்த்து ஆசைப்படுவோரும் உண்டு. அமில மண்ணில் அலுமினியம் கிடைப்பதால் நீலம், கார மண்ணில் இளஞ்சிவப்பு என்பது உண்மைதான். ஆனால் அது குளிர்ச்சி விரும்பும் செடி. நம் தாழ்வாரச் சூட்டில் மண்ணை எப்படி மாற்றினாலும் நிலைப்பது கடினம்.

செம்மண் தோட்டமென்றால் இட்லிப்பூவும் கார்டீனியாவும் வைக்கலாம். காட்டோரங்களில் தானாகவே வளரும் சிம்போ ஆயர் புதருக்கு உரம்கூட வேண்டாம். கடலோர மணலுக்குப் புன்னை, பூவரசு, தாழை. இடம் இருந்தால்தான், மரங்கள் அல்லவா. சிமெண்ட் ஓரத்துக்கு அரளி தாங்கும். ஆனால் அந்தச் செடி முழுவதுமே நஞ்சு, சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் வேண்டாம். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துவிடுங்கள், கலவை உங்கள் கையில் இருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு பிடி மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்ததும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று. மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவு மீட்டரை நான் நம்புவதில்லை.

அக்காவின் செடிகளுக்கு இப்போது கீலேட் இரும்பு (வேருக்குக் கிடைக்கும்படி கரைந்தே இருக்கச் செய்த இரும்பு உரம்) கொடுக்கிறோம். கார மண்ணுக்கு இடிடிஎச்ஏ வகை என்று பார்த்து வாங்க வேண்டும், இடிடிஏ வகை அங்கே நிற்காது. தளிர் கொஞ்சம் பச்சை பிடித்திருக்கிறது. சிமெண்ட் அங்கேயேதான் இருக்கிறது, அதனால் இதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். அக்காவோ நகர மன்றத்திடம் கேட்டுவிட்டு அந்த வரிசையையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார்.