பிரேக் பெடல் பொதபொதன்னு இருக்கா, மெல்ல இறங்குதா? ரெண்டும் வேற வேற வியாதி

பெடல் சரியில்லன்னு சொன்னா போதும், யாரைக் கேட்டாலும் "ஏர் எடுத்துடு, சரியாயிடும்"னு ஒரே பதில்தான், அதாவது பிரேக் லைன்ல மாட்டின காத்தை வெளியேத்தறது. சில வண்டில சரியாகும். ஆனா அமுக்கினா பஞ்சு மாதிரி இருக்கற பெடலும், கால் வச்சிருக்கும்போதே மெல்ல கீழ போற பெடலும் ஒண்ணு இல்ல. முதல்ல உங்களோடது எதுன்னு கண்டுபிடிங்க, அதுக்கு ஒரு கால் போதும், ஸ்பேனரே வேணாம். அதுவரைக்கும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க.

முதல் வேலை: கால் டெஸ்ட்

சமதரைல நிறுத்தி, வீலுக்குக் கட்டை குடுத்து, என்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெடலை நாலஞ்சு தடவை அமுக்கி விடுங்க. பூஸ்டர்ல (கால் அழுத்தத்தைப் பெருக்கித் தர்ற பாகம்) இருக்கற வேக்குவம் தீர்ந்துடும். இப்ப ஓரளவு அழுத்தி, காலை அசைக்காம அரை நிமிஷம் வச்சிருங்க.

கெட்டியா நின்னா நல்லது. மெல்ல இறங்கினா எங்கயோ லீக், இல்லன்னா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள (பெடலை அமுக்கினா பிரேக் ஆயிலை வீலுக்குத் தள்ளற பாகம்) சீல் போயிடுச்சு. படபடன்னு பம்ப் பண்ணப் பண்ண பெடல் மேல ஏறி கெட்டியாகி, கொஞ்சம் விட்டுப் பார்த்தா திரும்ப பொதபொதன்னு ஆகுதா? லைன்ல ஏர் இருக்கு, இல்ல பின்னாடி டிரம்ல ஷூவுக்கும் (டிரம்மை உள்ளிருந்து பிடிக்கற பாகம்) டிரம்முக்கும் நடுல கேப் அதிகமாயிருக்கு. இதுல எதுன்னு பார்க்க ஹேண்ட்பிரேக்கை நல்லா இழுத்துட்டு பெடலை அமுக்குங்க, பெடல் சட்டுனு உயரத்துலயே பிடிச்சா ஷூ அட்ஜஸ்ட்மென்ட் பக்கம் போங்க, ஏர் எடுத்து பிரேக் ஆயிலை வீணாக்காதீங்க.

இன்னொண்ணு, காலை பெடல்ல வச்சுக்கிட்டே என்ஜினை ஸ்டார்ட் பண்ணா பெடல் கொஞ்சம் உள்ள போகும். அது கோளாறு இல்ல, பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இதைப் பார்த்து பயந்து மாஸ்டர் சிலிண்டரையே மாத்தினவங்க இருக்காங்க.

லீக் தேடறது

ஆயில் லெவல் பாருங்க. பேட் தேயத் தேய லெவல் கொஞ்சம் இறங்கறது சகஜம், ஆனா ஊத்தி வச்சும் இறங்கினா லீக்தான். நாலு வீலுக்கும் உள்பக்கம், ஹோஸ் வளையற இடம், டிரம்முக்குள்ள வீல் சிலிண்டரோட ரப்பர் பூட் எல்லாம் பாருங்க. பூட்டை லேசா தூக்கிப் பார்த்தா உள்ள நனைஞ்சிருக்கறது தெரியும்.

எங்கயும் சொட்டு கூட இல்ல, ஆனா லெவல் குறையுதுன்னா மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோட சேர்ற இடத்துல டார்ச் அடிங்க. என் வண்டில அங்கதான் இருந்துச்சு, பூஸ்டரோட கருப்பு பெயின்ட் ஒரு கோடா கொப்புளிச்சு உரிஞ்சிருந்தது. பின்பக்க சீல் போனா ஆயில் பூஸ்டருக்குள்ள போயிடும், தரைல ஒரு சொட்டு கூட விழாது. நட்டைக் கழட்டி சிலிண்டரை லேசா முன்னாடி இழுத்துப் பார்த்தாதான் ஈரம் தெரியும்.

லெவலும் குறையல, லீக்கும் இல்ல, ஆனா பெடல் இறங்குதா? மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே ஆயில் சீலைத் தாண்டி பின்னாடி போகுது. மாத்தறதுதான் வழி. புதுசை வண்டில போடறதுக்கு முன்னாடி வைஸ்ல பிடிச்சு, ஆயில் ஊத்தி, பிஸ்டனை மெல்ல தள்ளித் தள்ளி அதுக்குள்ள இருக்கற ஏரை வெளியேத்திடுங்க. இதை விட்டா அப்புறம் வீல்ல எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் கெட்டியாகாது.

ஏர் எடுக்கறது

ஜாக்கி மட்டும் நம்பி கீழ கை விடாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க. ஆயில் மூடில என்ன போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. டாட் 3, 4, 5.1 மூணும் கிளைக்கால் வகை, டாட் 5 சிலிக்கான், அதை இதோட கலக்கவே கூடாது. திறந்து ரொம்ப நாளான பாட்டில் வேணாம், ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். இறக்கத்துல பிரேக் சூடானதும் மட்டும் பெடல் பொதபொதன்னு ஆகறது பெரும்பாலும் இதனாலதான். ஆயில் பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க.

நிப்பிளுக்கு (வீல் பக்கம் ஏரை வெளியே விடத் திறக்கற சின்ன திருகு) ஆறு பக்கமும் பிடிக்கற ரிங் ஸ்பேனர்தான் போடணும், ஓபன் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும். வேக்குவம் பம்ப் எனக்குப் பிடிக்காது, நிப்பிள் மரை வழியாவே காத்தை இழுத்து முடிவே இல்லாம குமிழி காட்டும். பெடல்ல ஒரு ஆள், வீல்ல நீங்க, தெளிவான டியூப், அடில கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டில், இது போதும். அவர் அமுக்கிப் பிடிக்கணும், நீங்க நிப்பிளைக் கால்வாசி சுத்து திறக்கணும், குமிழி வரும், நிப்பிளை மூடினதுக்கு அப்புறம்தான் அவர் காலை எடுக்கணும். ரிசர்வாயர் (ஆயில் ஊத்தற டப்பா) காலியாக விடாதீங்க, விட்டா மறுபடி முதல்ல இருந்து.

இப்ப முக்கியமான இடம். பழைய வண்டில பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டை வைங்க, தரை வரைக்கும் போகக் கூடாது. தினசரி ஓட்டறப்ப மாஸ்டர் சிலிண்டரோட பிஸ்டன் பாதி தூரம்தான் போகும், அதுக்கு அப்பால இருக்கற சுவர்ல துருவும் கசடும் படிஞ்சிருக்கும். நிப்பிள் திறந்ததும் பெடல் சட்டுனு அடிவரைக்கும் இறங்க, சீலோட உதடு அந்தத் துருல உரசிக் கிழியும். அப்புறம் பொதபொத பெடலுக்கு ஏர் எடுக்கப் போய், இறங்கற பெடலோட வீட்டுக்கு வருவீங்க. "நேத்து ஏர் எடுத்தேன், இன்னைக்கு பெடல் கீழ போகுது"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கறது கட்டை வச்சீங்களான்னுதான்.

எந்த வீல்ல ஆரம்பிக்கறது? மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்கற வீல்னு பொதுவா சொல்வாங்க, ஆனா எல்லா வண்டிக்கும் அந்த வரிசை கிடையாது, மேனுவலைப் பாருங்க.

அப்புறம் சேர்த்தது

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது வீல் லாக் ஆகாம பார்த்துக்கற சிஸ்டம்) யூனிட்டுக்குள்ள ஏர் போயிருந்தா சில வண்டில கையால எடுத்து வராது, ஸ்கேன் டூல் வச்சு அதோட பம்பை ஓட்டணும்.

காலிபர் (பேடை டிஸ்க்ல அமுக்கற பாகம்) மாத்தின பிறகு எவ்வளவு எடுத்தும் பெடல் பொதபொதன்னே இருக்குன்னு கேட்டவங்களுக்கு: நிப்பிள் மேல் பக்கம் இருக்கான்னு பாருங்க. இடதும் வலதும் மாத்திப் போட்டா சில காலிபர் கச்சிதமா உக்காந்துடும், ஆனா நிப்பிள் கீழ வந்துடும், ஏர் மேலயே தங்கிடும். பக்கம் மாத்திப் போட்டு மறுபடி எடுங்க.