மலைக்கு ஒரு நாள் பஸ் சுற்றுலா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரே நாளில் ஏழு இடங்கள்" என்ற வரியைப் பார்த்ததும் பணம் கட்டிவிடுகிறோம். வழிகாட்டியுடன் நகரிலிருந்து பஸ்ஸில் மலைக்குப் போய் இரவுக்குள் திரும்பும் சுற்றுலாவில், முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. 12 மணி நேரப் பயணத்தில் போக 3 மணி, வர 3 மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி என்று வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் 5 மணி நேரத்தை ஏழால் வகுத்துப் பாருங்கள். 40 பேர் ஒரே கதவு வழியாக இறங்கி ஏறுவதற்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் கரைந்துவிடும். எங்கே இறங்கிப் பார்க்கலாம், எதை ஜன்னல் வழியாகவே கடந்துபோகிறோம், ஓரிடத்தில் எத்தனை நிமிடம் நிற்பார்கள் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மூன்றே இடங்களை நின்று காட்டும் சுற்றுலாவைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது, புறப்படும் நேரம். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகின்றன. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிறது. காலையில் பளிச்சென்று தெரிந்த சிகரம் நண்பகலுக்குள் மூடிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். ஆறு மணிக்குக் கிளம்பும் பஸ் இருந்தால், அதற்காகத் தூக்கத்தைத் தாராளமாக விடலாம். அப்படியும் மேகம் முந்திக்கொண்டால் உடனே இருக்கைக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒருமுறை கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி அரை மணி நேரம் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பியின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். திடீரென்று எதிரே ஒரு பாறைச் சுவர் அடி முதல் முடி வரை எழுந்து நின்றது. நான்கு நிமிடம் இருந்திருக்கும்; மறுபடியும் மூடிக்கொண்டது.

நகரத்து வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு கிளம்புவதும் தவறு. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். காற்று வீசினால் குளிர் இன்னும் உறைக்கும். கம்பளிச் சட்டையைப் பெரிய பையில் வைத்து, அந்தப் பையைப் பஸ்ஸின் அடிப்பெட்டியில் போட்டுவிட்டு நடுங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடவும் கூடாது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களும் கூடும்.

வளைவுப் பாதையில் வயிற்றைப் புரட்டுவது பலருக்கும் பெரிய பயம். பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கும் இருக்கைகளில்தான் ஆட்டமும் தூக்கிப்போடுதலும் அதிகம். கேட்டு வாங்கி முன்பக்கம் உட்காருங்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரை தேவைப்படுபவர்கள் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். புரட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. செல்போனைக் குனிந்து பார்ப்பதுதான் மிகவும் கெடுதல். கண் அசைவில்லை என்கிறது, அசைவை உணரும் உட்காதோ உடல் அசைகிறது என்கிறது. அந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. ஒரு பயணத்தில், விளையாட்டில் மூழ்கியிருந்த சிறுவனுக்கு நான்காவது வளைவில் முகம் வெளிறிவிட்டது. வழிகாட்டி அவனை முன்னால் உட்காரவைத்து, அடுத்த வளைவு இடமா வலமா என்று சொல்லிக்கொண்டே வரச் சொன்னார். சிறிது நேரத்தில் அவன் உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

ஜன்னலோரத்துக்காகச் சண்டை வேண்டாம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பள்ளத்தாக்கு பக்கம் மாறும்.

இறங்கும்போது திரும்ப வேண்டிய நேரத்தைக் காதில் வாங்காமல் போவது, எல்லோரையும் பாதிக்கும் தவறு. ஒருவர் தாமதிக்கும் பதினைந்து நிமிடம் கடைசி இடத்திலிருந்துதான் கழியும். இல்லாவிட்டால் ஓட்டுநர் இருட்டில் மலை இறங்க நேரும். "போனில் கூப்பிடுவார்கள்" என்று இருக்க முடியாது, பல இடங்களில் சிக்னலே கிடைக்காது. பஸ்ஸின் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் பத்து பஸ்கள் நிற்கும் இடத்தில் அதன் அருமை தெரியும்.

அன்று இரவே ரயிலுக்கோ விமானத்துக்கோ டிக்கெட் எடுக்காதீர்கள். மூடுபனியோ மண்சரிவோ நெரிசலோ, மலைப்பாதையில் தாமதம் எந்த நேரத்திலும் வரலாம். எட்டரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு தம்பதியர் எனக்கு முன் இருக்கையில் வந்தார்கள். இறங்கும் வழியெல்லாம் அவர்கள் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. மேற்கே முகடுகள் சிவந்து கருத்ததை அவர்கள் பார்க்கவேயில்லை.